'பில்' இருந்த இடத்தில் 'பில்-ஆஃப்': ஒரு ஐகான் தொகுப்பு கொடுத்த தலைவலி

எங்கள் நோயாளி ஆப், டாக்டர் ஆப், பார்மசி ஆப் மூன்றுக்கும் ஒரே ஐகான் தொகுப்பு. வரைவது, 24க்கு 24 பிக்சல் கட்டத்தில் அடக்குவது, கோட்டுத் தடிமனை 1.5 பிக்சலுக்குக் கொண்டுவருவது எல்லாம் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் சுலபமாக முடிந்தது. அடி விழுந்தது அதற்கப்புறம்தான்.

முதல் ரிலீஸை ஐகான் ஃபான்ட்டாக, அதாவது எழுத்துகளுக்குப் பதில் ஐகான்கள் இருக்கும் எழுத்துருவாக விட்டது பெரிய தப்பு. ஃபான்ட் தயாரிக்கும் கருவி கோப்புப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, எஃப்101 என்ற குறியீட்டு எண்ணிலிருந்து வரிசையாக எண் கொடுத்துவிடும். 'இன்சுலின்-பென்' என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்ததும், அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் ஓர் எண் தள்ளிப்போயின. எந்த ஐகானுக்கு எந்த எண் என்று சொல்லும் புது சிஎஸ்எஸ் கோப்பு இறங்கி, பழைய ஃபான்ட் கேஷிலேயே (போன் சேமித்து வைக்கும் நகலிலேயே) தங்கிவிட்ட போன்களில் 'பில்' (காசு கட்டும் பில் அல்ல, மாத்திரை) வரவேண்டிய இடத்தில் வரிசையில் அடுத்திருந்த 'பில்-ஆஃப்' வந்து நின்றது. அதாவது குறுக்குக்கோடு போட்ட மாத்திரை, 'இந்த மருந்தை நிறுத்தியாச்சு'. வெற்றுக்கட்டம் தெரிந்திருந்தால் யாராவது உடனே புகார் சொல்லியிருப்பார்கள். இது பார்க்க ஒழுங்காகவே இருந்ததுதான் வினை. டெவலப்பர்களின் லேப்டாப்பில் சிஎஸ்எஸ், ஃபான்ட் இரண்டுமே புதுசு என்பதால் சோதனையிலும் சிக்கவில்லை.

ஃபான்ட்டைக் கைவிடவே முடியாது என்றால், எந்த ஐகானுக்கு எந்த எண் என்பதை ஒரு ஜேசன் கோப்பில் (சாதாரண தரவுக் கோப்பு) கையால் எழுதிப் பூட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் வரி ஒன்று மாறினாலும் பில்ட் (ஆப்பைத் தொகுக்கும் வேலை) பிழை காட்டி நிற்க வேண்டும். நீக்கிய ஐகானின் எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். ஃபான்ட் கோப்பின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேர்த்தால் கேஷ் தொல்லையும் போகும்.

ஐகான்களைத் தனித்தனி எஸ்விஜி படக் கோப்புகளாக மாற்றினாலும் நிம்மதி இல்லை. அந்தக் கோப்புகளைச் சுருக்கும் எஸ்விஜிஓ கருவியின் 3ஆம் பதிப்பு வரை, படம் அளவுக்கேற்பச் சுருங்கி விரிய உதவும் வியூபாக்ஸைத் தூக்கிவிடுவது இயல்பு அமைப்பு. 24இல் எல்லாம் சரியாகத் தெரியும், 16இல் ஐகான் சுருங்காமல் வெட்டுப்படும். 4ஆம் பதிப்பில் அதை நிறுத்திவிட்டார்கள். கோப்புக்குள் இருக்கும் பாகங்களின் பெயர்களான ஐடிகளைச் சுருக்குவது இன்னொரு கண்ணி. கோப்புக்குக் கோப்பு முதல் ஐடி 'ஏ' ஆகிவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு ஐகான் வந்தால், இரண்டாவது முதலாவதின் கிளிப்பை (படத்தை வெட்டிக் காட்டும் எல்லையை) எடுத்துக்கொள்ளும். ஐடிக்கு முன்னொட்டு சேர்க்கும் பிளகினைப் போட்டதும் சரியானது.

சட்டப் பிரிவிடமிருந்து வந்த மெயில் தனி ரகம். அவசர உதவிப் பொத்தானில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை இருந்தது. அது 'மருத்துவக் குறி' இல்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம். இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது. முதலுதவிக்கு, பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010இல் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது, அதைப் போட்டோம். ஆனால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கான சாதாரண 'சேர்' ஐகானை மறந்துவிட்டோம். கரண்ட்கலரில், அதாவது சுற்றியிருக்கும் எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொண்டு ஓடும் தடித்த கூட்டல் குறி, பிழை நிலையில் சிவப்பாகி, வெள்ளைக் கார்டில் மறுபடி அதே சிலுவையாக எழுந்து நின்றது! அதன் கோட்டை மெலிதாக்கி, பிழை நிறம் அதைத் தொடாதபடி பூட்ட வேண்டியதாயிற்று.

மணற்கடிகாரமும் அப்படித்தான். ரத்தச் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரை இணைக்கும் திரையில் 'காத்திருங்கள்' என்பதற்கு அதை வைத்திருந்தோம். மருத்துவச் சாதனக் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 15223-1 தரத்தில் அதற்குக் காலாவதித் தேதி என்று பொருள், அந்தக் கருவியின் சோதனை ஸ்ட்ரிப் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும்.

பெயரிலும் இதே குழப்பம். 'ஹார்ட்' ஒரு ஆப்பில் விருப்ப டாக்டர், இன்னொன்றில் இதயத்துடிப்பு. டாக்டர் ஆப்புக்காக அதை ஈசிஜி கோடாக மாற்றியபோது நோயாளி ஆப்பின் விருப்பப் பட்டியலிலும் ஈசிஜி ஓடியது. இப்போது வடிவத்துக்கு ஒரு பெயர், பொருளுக்கு ஒரு பெயர். ஆப்கள் பொருள் பெயரை மட்டுமே அழைக்கலாம், அதை மாற்றினால் மேஜர் வெர்ஷன், அதாவது தொகுப்பின் முதன்மைப் பதிப்பு எண்ணே மாறும்.

மாத்திரையும் கேப்ஸ்யூலும் 16 அளவில் கடைசிவரை ஒன்றுபோலத்தான் இருந்தன. அதனால் அந்த அளவையே தொகுப்பிலிருந்து எடுத்தாயிற்று. மருந்து ஐகான் 20க்குக் கீழே வராது, பக்கத்தில் எழுத்தில் பெயர் இல்லாமலும் வராது.