வாடைக்கு முன்னால் கேசட்டுகளை ஏற்றிவிடுங்கள்

செப்டம்பர் 14
கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கம் பரணில் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற இதுதான் நேரம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கேசட்டை ஓட்டும் விசிஆருக்குள் ஈரம் கோத்து, நாடா உள்ளே சுழலும் உருளையான டிரம்மில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். ஈரத்தைக் காட்டும் 'டியூ' விளக்கு எரிந்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் அப்படியே விட்டால் உள்சூட்டிலேயே காய்ந்துவிடும்.

செப்டம்பர் 16
பூசணம். கேசட்டின் சன்னல் வழியே டார்ச் அடித்துச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல நாடா கருப்பாக மின்னும். வெள்ளைப் பொடியோ சாம்பல் திட்டோ தெரிந்தால் விசிஆரில் போடவே கூடாது. டிரம்மில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைத்தால் காய்ந்து உதிரும் பதத்துக்கு வரும். பிறகு வெளித் திண்ணையில், முகக்கவசத்தோடு, நூல் உதிராத துணியால் உலரத் துடைக்கலாம்.

ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மான்தோல் துணியும் வேண்டும். துணியை அசையாமல் பிடித்து, டிரம்மை மேலிருந்து விரலால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி அறவே ஆகாது. அதன் இழை ஹெட் முனையில் மாட்டும்.

செப்டம்பர் 20
விசிஆர் படத்தைக் கணினிக் கோப்பாக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவியை ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஹப், மெதுவான டிஸ்க், பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் மூன்றும் பிரேமை விழுங்கும். விழுங்க விழுங்க உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி கூடும். பதிவு மென்பொருளான விர்ச்சுவல்டப்2-இல் நம்மூர் டிவி முறையான பால் (PAL), அளவு 720×576, நொடிக்கு 25 பிரேம், நிற அமைப்பு ஒய்யுஒய்2, தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபிக்கு மேல் போகும், போகட்டும். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் எளிதுதான், ஆனால் அதன் இயல்பு நிற அமைப்பான என்வி12, இன்டர்லேஸ் படத்தில் (ஒற்றை, இரட்டை வரிகள் மாறி மாறி வரும் கேசட் படத்தில்) நிறத்தைக் கலக்கிவிடும்.

லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, விசிஆருக்குக் கிடையாது. விசிஆரை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

செப்டம்பர் 21
படம் கருப்பு வெள்ளையாக வந்தால் உடனே கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் சவூதியில் டிவியிலிருந்து பதிந்தவை மீசீகாம் என்ற வேறு நிற முறையில் இருக்கலாம். பால் மட்டும் படிக்கும் விசிஆர் அதில் நிறத்தைக் காட்டாது. வளைகுடாவிலிருந்து வந்த மல்டிசிஸ்டம் விசிஆர் தெருவில் யார் வீட்டிலாவது தூங்கும், கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பர் 25
வளைகுடாவிலிருந்து பேசி அனுப்பிய ஆடியோ கேசட்டுகள். குரல் மங்கலாகக் கேட்டால் டேப் ரிக்கார்டரின் ஹெட்டுக்கு அருகில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகு இருக்கும். 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் வரை மெல்லத் திருப்புங்கள், கால் சுற்றுக்குள் சரியாகிவிடும். ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் ஒலியின் உச்சம் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். இரைச்சல் நீக்கத்தை நகலில் மட்டும் செய்யுங்கள். அளவு மீறினால் பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

அக்டோபர் 4
கோப்பைச் சிறிதாக்க ஹேண்ட்பிரேக் மென்பொருள்: இன்டர்லேஸ் வரிகளை நீக்க பிவ்டிஃப் (Bwdif), முன்னமைவு 'பாப்' (Bob), தர அளவு ஆர்எஃப் 18. அடிவிளிம்பில் நெளியும் கோடுகளை வெட்டிவிடலாம்.

வீட்டு டிவியில் வீடியோக்களைப் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் மென்பொருளில் நூலக வகையாக 'வீட்டு வீடியோக்கள்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'திரைப்படம்' என்று கொடுத்தால் கல்யாண வீடியோவுக்கு ஏதோ சினிமா போஸ்டரை ஒட்டிவிடும். கோப்புப் பெயர் 1994-06-12 என்று ஆண்டில் தொடங்கினால் வரிசை தானாக வரும்.

அக்டோபர் 11
உப்புக் காற்றில் முதலில் கெடுவது டிஸ்க் அல்ல, யுஎஸ்பி முனை. பச்சை பூத்தால் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் மேலுள்ள சிறு துளையை டேப் ஒட்டி அடைக்காதீர்கள், அது மூச்சுத் துளை. டிஸ்க்கை ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தித் திரும்பப் போடலாம். நகல் உள்ள இரண்டாவது டிஸ்க் பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். கொடுத்தனுப்பும் முன் கோப்பை நகலெடுக்கும் டெராகாப்பி மென்பொருளில் சரிபார்ப்பை ஓட்டிவிடுங்கள்.