மில்லியில் இருந்த சோப்பு எண்ணெய்களைக் கிராமுக்கு மாற்றிய கணக்கு

கையில் இருந்த செய்முறையில் எண்ணெய் முழுக்க மில்லிதான்: தேங்காய் எண்ணெய் 500, நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடாவை எடைக்குத்தான் கணக்கிட முடியும் என்பதால் முதலில் இதை மாற்ற வேண்டியிருந்தது.

நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வாக்கில், தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மில்லிக்கு ஏறக்குறைய 0.92 கிராம். விளக்கெண்ணெய் கொஞ்சம் கனம், 0.96. ஆக 460, 276, 96 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு வேண்டிய சோடா தேங்காய்க்கு 0.183, எள்ளுக்கு 0.134, ஆமணக்குக்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 133.5 கிராம். 5 சதவீதம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று குறைத்தால் 126.8.

மில்லியையே கிராம் என்று எடுத்துப் போட்டுப் பார்த்தால், அதே 5 சதவீதம் குறைத்த பிறகும் 137.3 வருகிறது. அந்த எண்ணெய் மொத்தமாகத் தாங்குவதே 133.5தான். மிஞ்ச வேண்டிய எண்ணெய் போய், கிட்டத்தட்ட 4 கிராம் காரம் சோப்பிலேயே தங்கிவிடும். அந்தக் காரம் தோலை அரிக்கும். 'எண்ணெய்தானே, எட்டு சதவீத வித்தியாசம்தானே' என்று விடுகிற இடம் இதுவல்ல.

பட்டியலில் இருக்கும் அடர்த்தியை நம்புவதைவிட, வாங்கிய எண்ணெயையே சோதித்துவிடலாம். ஒடுக்கமான கழுத்துள்ள சின்ன பாட்டிலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பாட்டில் 62 கிராம், கோடு வரை தண்ணீரோடு 162, நன்றாகத் துடைத்துக் காய வைத்து எண்ணெயோடு 154 என்றால், 92-ஐ 100-ஆல் வகுத்து 0.92. பாட்டிலில் அச்சிட்ட அளவு தப்பாக இருந்தாலும் கணக்கு கெடாது. அதனாலேயே இந்த முறை பிடிக்கும்.

சூடுதான் அடுத்த தொல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் எண்ணெய் சுமார் 0.07 சதவீதம் விரிகிறது. 70 டிகிரிக்கு உருக்கிய தேங்காய் எண்ணெயை 500 மில்லி ஊற்றினால் எடை 447 கிராம் அளவுதான் இருக்கும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். கட்டியைக் கப்பில் அமுக்கி அளந்தால் இடையில் காற்றும் சேர்ந்துகொள்ளும். மார்கழியில் டப்பாவை வெந்நீரில் வைத்து முழுக்க இளக்கிக் கலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். பாதி இளகியதில் மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் ஒரே எண்ணெய் அல்ல.

விளக்கெண்ணெயை அளவுக்குழாயில் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரு பகுதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தராசில் பாத்திரத்தை வைத்து, டேர் அழுத்திப் பூஜ்ஜியமாக்கி, நேராக அதிலேயே ஊற்றினால் இந்த இழப்பு இல்லை. தடிப்பானதை முதலில் ஊற்றுங்கள். கூடிப்போனால் கரண்டியால் எடுத்துவிடலாம். எல்லாம் கலந்த பிறகு அது முடியாது.

வாசனை எண்ணெய்களுக்கு 0.92 என்ற பொது எண் ஒத்துவராது. எலுமிச்சை எண்ணெய் 0.85, கிராம்பு எண்ணெய் 1.05, ஆக 5 மில்லி என்பது ஒன்றில் 4.25 கிராம், மற்றதில் 5.25. கிராம்பு கூடினால் தோல் எரியும், கலவையும் அச்சில் ஊற்றும் முன்பே இறுகிவிடும். துளிக்கணக்கு இன்னும் மோசம், சொட்டி மாறினால் துளியின் அளவும் மாறும். 1 கிராம் படிக்கிற சமையலறைத் தராசு இதற்குப் போதாது, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.