ஓடைக் குறிப்புகள்: கல்லுக்கு அடியில்

2025 ஜனவரி 4, சனி

விடிந்தும் விடியாமலும் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். குற்றாலம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஓடை இப்போதுதான் தெளிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் கரைந்து ஓடும்போது எதையும் பார்க்க முடியாது. கிளம்புமுன் எல்லோரும் மேற்கே திரும்பி மலையைப் பார்க்க வேண்டும், அது கட்டாயம். அங்கே மேகம் கருத்திருந்தால் அன்றைக்கு ஓடை கிடையாது. ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கிவிடும்.

வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, டீ வடிகட்டி, ஒரு பூதக்கண்ணாடி. கணுக்கால் அளவு தண்ணீர். இது போதும்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கல்லைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் தட்டையாக ஒரு பூச்சி, மூன்று வால். தட்டில் தண்ணீர் விட்டு அதில் விட்டதும் வயிற்றின் இரு பக்கமும் சின்னச் சின்ன இதழ்கள் படபடத்தன. "அக்கா, இது மூச்சு விடுது!" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அவை செவுள்கள்தான். மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் இது. சிறகு முளைத்து வெளியே வந்தபின் எதையும் தின்னாது, பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆயுள் முடிந்துவிடும்.

புரட்டிய கல்லைப் பழையபடியே கவிழ்த்து வைத்தோம். இல்லையென்றால் அடியில் இருப்பவை வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

ஜனவரி 11, சனி

நாணல் தண்டில் தட்டானின் காலிக்கூடு. முதுகு பிளந்து, கால்கள் இன்னும் தண்டைப் பிடித்தபடி இருந்தது. பிளவிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் தொங்கின. வேர் என்றான் ஒருவன், சிலந்தி வலை என்றான் இன்னொருவன். உடம்புக்குள் காற்று போன குழாய்களின் உள்தோல் அது. தட்டான் வெளியே வரும்போது அதையும் சேர்த்து உரித்துவிட்டுப் போகிறது.

அப்புறம் தண்ணீருக்குள் வாழும் தட்டான் குஞ்சு ஒன்றும் உயிரோடு வடிகட்டியில் சிக்கியது. தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டித்தான் இரை பிடிக்கும். பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சித் தட்டுக்குள் முன்னால் பாய்ந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மடையான் ஒன்று பறந்தே போய்விட்டது.

ஜனவரி 18, சனி

பொங்கலுக்குப் போன பாதிப் பேர் ஆச்சி வீட்டிலிருந்து திரும்பவில்லை. வந்தவர்கள் அயிரை பார்த்தார்கள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய், மீனுக்கு நோய் தொற்றும்.

ஜனவரி 25, சனி

இன்று ஒரே ஓடையில் இரண்டு இடம் பார்த்தோம். சாக்கடை வந்து கலக்கும் இடத்துக்கு மேலே கல்லுக்குக் கல் மேஃபிளை. மணலைப் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் கேடிஸ் புழுக்களும் இருந்தன. சாக்கடைக்குக் கீழே கையுறை போட்டு நான் மட்டும் சேற்றை அள்ளினேன். சிவப்புப் புழுக்கள், வேறொன்றும் கண்ணில் படவில்லை. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அந்தப் புழுவிலும் உண்டு. அதனால்தான் அந்த நிறம், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கிறது. மேஃபிளைக்கும் கேடிஸுக்கும் அது முடியாது.

தண்ணீர் மாசுபடுகிறது என்று பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த பிள்ளைகள்தான். இன்று இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பேச்சு நின்றுபோனது. எனக்கும் வயிறு எரிந்தது. இந்தத் தண்ணீர்தான் சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணிக்குப் போகிறது.

திரும்பும்போது ஒருவன் கேட்டான்: "இன்னும் கீழ போனா அந்த மூணுவால் பூச்சி மறுபடி வருமா அக்கா?"

நல்ல கேள்வி. பாலத்துக்குக் கீழே நடந்து பார்க்க வேண்டியதுதான். பிப்ரவரி 1, காலை 7 மணி. கரையோரம் கண்ணாடித் துண்டு கிடக்கிறது, செருப்பு கட்டாயம். பெரியவர்கள் இன்னும் இரண்டு பேராவது கூட வர வேண்டும்.