நான் வைத்துக்கொள்ளும் ஒரே இசைத்தட்டு

சேலம் அஸ்தம்பட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காட்டில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபெயர்கிறோம். ஜாஸ் இசைத்தட்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டைக் கொடுக்கும்போது மட்டும் கை தயங்கியது. என்னோடு வருவது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'.

1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது இது. மெக்காய் டைனரின் பியானோ, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ், ஜிம்மி கேரிசனின் பேஸ் என்னும் கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம். முதல் பகுதியில், கேரிசன் மீட்டும் நான்கே சுரங்களைக் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் சுருதி மாற்றி மாற்றி எல்லாத் திசைகளுக்கும் கொண்டுசென்று, இறுதியில் மனிதக் குரலின் உச்சாடனத்திடம் ஒப்படைக்கிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நான்காவது பகுதிதான். தாம் இறைவனுக்கு எழுதிய கவிதையை அங்கே கோல்ட்ரேன் பாடுவதில்லை. அதன் சொற்களை அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார். சீரான தாளக்கட்டு இல்லை. டிரம்ஸ் தொலைதூர இடிபோல் உறுமிக்கொண்டே இருக்கிறது. விருத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க ஒருவரும் தேவையில்லை. தட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் அந்தக் கவிதையை விரல் வைத்துப் படித்தபடியே கேட்ட இரவில், சொல் எங்கே முடிகிறது, ஊதும் மூச்சு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை சாமான்கள் வேனில் போகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்தத் தட்டு என் மடியில் இருக்கும்.