பாலாற்றுப் பாலம் முதல் ரத்தினகிரி வரை

போன வருஷம் பங்குனி மாதம். அன்று எனக்கு லீவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பெண், அத்தைக்கு பி.பி. பார்க்க வந்திருந்தாள். அத்தைக்குப் பக்கவாதம் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. இடது கையும் காலும் சொன்னபடி கேட்காது. 132/84 என்று நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பப் போனவள், என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் கையைக் குடுங்க, பாத்துடலாம்."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் போன். கம்பெனியிலிருந்து லைன் லீடர், ஒரு மெஷின் நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே கையை நீட்டினேன். 156/98.

அந்தப் பெண் பதறவில்லை. "போனை வைங்க. குழம்ப இறக்கி வெச்சிட்டு வாங்க. சாஞ்சி உக்காருங்க, கால் ரெண்டும் தரையில படணும். அஞ்சு நிமிஷம் பேசாதீங்க" என்றாள். உட்கார்ந்தேன். மறுபடி பார்த்ததில் 148/94. அதுவும் அதிகம்தான். ஆனாலும் ஐந்து நிமிடம் வாய் மூடி உட்கார்ந்ததில் 8 இறங்கியதே, அது மனசில் தங்கிவிட்டது. கடைசியாக எப்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

எனக்கு 42 வயது. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். என் லைன்களில் 46 பெண்கள். காலை 7.15க்கு கம்பெனி பஸ். அதற்குள் அத்தையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு டப்பா கட்டியாக வேண்டும். வீட்டுக்காரருக்கு மருந்து மொத்த வியாபாரத்தில் டெலிவரி வேலை, நேரங்காலம் கிடையாது.

உடம்பு முன்னாடியே சொல்லத்தான் செய்தது. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்தது. விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகள் தட்டைச் சத்தமாக வைத்தால் கோபம் தலைக்கேறும். இதையெல்லாம் "டென்ஷன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஒதுக்கினேன். எங்கள் லைனில் அந்த வார்த்தையைச் சொல்லாத பெண் யாருமில்லை.

டாக்டரிடம் போனேன். அவர் எடுத்தவுடன் மன அழுத்தம் என்று சொல்லிவிடவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். நெஞ்சு படபடப்பு என்றால் இதயத்தைப் பார்த்த பிறகுதான் மற்றது என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், இரண்டும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.1. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாதாம். ரத்தம் குறைந்தாலே படபடப்பு வரும், அசதி வரும், எரிச்சலும் வரும். ஆக, நான் டென்ஷன் என்று நினைத்ததில் ஒரு பங்கு ரத்தசோகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராகத் தியான வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தயவுசெய்து முதலில் ரத்தத்தைப் பாருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, இடைவெளி விடுங்கள் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், ஆறு. சாயங்காலம் குடிக்கும் டீயின் காஃபின் அஞ்சு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும் என்றார். பி.பி.க்கு உடனே மாத்திரை எழுதவில்லை. இரண்டு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து பார்த்து எழுதி வாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம் என்றார்.

அன்று அவர் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றிவிட்டால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். முதலில் அட்ரினலின், பின்னாலேயே கார்டிசால். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், தசைகள் இறுகும், செரிமானம் மெதுவாகும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. பாம்பைப் பார்த்தால் இது உயிரைக் காப்பாற்றும். பாம்பு போனதும் எல்லாம் இறங்கிவிடும். ஷிப்மென்ட் தேதி போய்விட்டால் அடுத்த ஷிப்மென்ட் தேதி வந்து நிற்கிறதே, அதுதான் சிக்கல். ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் 1936லேயே எலிகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார். பதற்றம், பிறகு தாங்கிக்கொள்ளுதல், அதற்கும் பிறகு ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டமாக அவர் பிரித்தாராம்.

19 வருஷமாகத் தோலை வைத்துப் பிழைக்கிறவள் நான், எனக்கு இது இப்படித்தான் விளங்கியது. முன்பு வேலை செய்த கம்பெனியில் முழு ஷூ செய்வார்கள். அப்பரை அச்சில் ஏற்றி இழுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சூடும் ஈரமும் காட்டுவார்கள். அப்போதுதான் தோல் இழுத்த இழுப்புக்கு வரும். காய்ந்த தோலை அவசரத்தில் இழுத்தால் மேல்பரப்பு வெடித்துவிடும், அப்புறம் எந்தப் பாலிஷும் அதை மறைக்காது. இழுக்காமல் ஷூ கிடையாது. இழுப்பதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பி.பி. எழுதிய அதே நோட்டில் இன்னொன்றும் எழுத ஆரம்பித்தேன். மணி, உடம்பில் எந்த இடம், அப்போது என்ன நடந்தது. இவ்வளவுதான். "11.20, தாடை, ரிஜக்ட் 14 ஜோடி." "4.45, தோள்பட்டை, டார்கெட் இன்னும் 60." நீளமாக எழுத நேரமில்லை, எழுதவும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கம்பெனியில்தான் அழுத்தம் என்று சத்தியம் செய்திருப்பேன். நோட்டில் அதிகம் இருந்ததோ மாலை 6 மணிக்கு மேல். "6.10, நெஞ்சு." "6.05, வயிறு." "6.15, நெஞ்சு, கை சில்லிப்பு." அது பஸ் நேரம். பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டுவதில்லை, வேலை சொல்வதில்லை. பிறகு ஏன்?

அடுத்த நாள் கவனித்தேன். பஸ் ஏறியதும் போனை எடுக்கிறேன். முதலில் லைன் வாட்ஸ்அப் குழு. அப்புறம் வீட்டுக்குப் போன், அத்தைக்கு மாத்திரை கொடுத்தாயா, மாவு இருக்கா, டியூஷன் போனாயா. போனை வைத்ததும் ராத்திரி வேலையெல்லாம் வரிசையாகத் தலைக்குள் ஓடுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே கம்பெனியை முடிக்காமல் வீட்டைத் தொடங்கிவிடுகிறேன். இரண்டும் ஒன்றாக என் மேல் ஏறும் முக்கால் மணி நேரம் அது.

ஆகவே ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். பாலாற்றுப் பாலம் வரைக்கும் போன் பேசலாம், வேலையை நினைக்கலாம். பாலம் ஏறியதும் போன் பைக்குள் போகும். ஆற்காடு, மேல்விஷாரம் தாண்டி ரத்தினகிரி மலை கண்ணில் படும் வரை வெளியே எடுப்பதில்லை. அந்த நேரத்தில் மூச்சு. நாலு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தானாகக் கொஞ்சம் குறையும், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால்தான் விடுவதை நீட்ட வேண்டும் என்கிறார்கள். தாடையைத் தொங்கவிட்டு, நாக்கைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுச் செய்தால் எனக்கு நன்றாக வருகிறது. முதல் நாலைந்து நாள் தலை கிறுகிறுத்தது. ரொம்ப ஆழமாக இழுத்திருக்கிறேன். மெதுவாக இழுத்தால் போதும், நிறைய இழுக்க வேண்டியதில்லை.

ஆற்றைப் பார்ப்பதும் அப்போதுதான் பழகியது. பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இப்போதும் அந்த மணலைப் பார்த்தால் தண்ணீர் தெரியும். எனக்குத் தெரிகிறது.

மூச்சு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது எனக்கு மனசு வலிக்கும் விஷயம். வீட்டு வேலை முழுக்க ஒரு பெண்ணின் தலையில் இருக்கும், அவளிடம் போய் தியானம் செய், பாசிட்டிவாக நினை என்பார்கள். என் நோட்டை ஒரு ராத்திரி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் மூன்று பக்கம் படித்தார், பேசவில்லை. மறுநாள் "காலையில அம்மாவ நான் குளிப்பாட்டுறேன்" என்றார். என் மைத்துனர் காட்பாடியில் இருக்கிறார். ஞாயிறு முழுக்க அத்தை அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம். கூச்சப்படாமல் கேட்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வாயால் சொன்னபோதெல்லாம் அது புலம்பலாகப் போனது. மணியும் தேதியும் போட்டு எழுதிக் காட்டியபோது கணக்காகத் தெரிந்திருக்கிறது.

எல்லாம் நேராகப் போகவில்லை. சித்திரை வெயிலில் ஒரு பெரிய ஆர்டர் திரும்பி வந்தது. நாலு நாள் தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை. ஒரு ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுப் படுத்தும் கண் மூடவில்லை. 14416க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று 2022ல் தொடங்கிய அரசு உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கம் பேசிய பெண், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். அப்படி ஒருவர் கேட்டதே பாரத்தை இறக்கியது. நாம் மன அழுத்தம் என்று பொதுவாகச் சொல்வது வேறு, மனச்சோர்வு என்ற நோய் வேறு என்று அவர்தான் பிரித்துச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆர்டர் பிரச்சினை முடிந்து ஒரு வாரத்தில் தூக்கம் வந்தது.

டீ இப்போது இரண்டு, அதுவும் மதியத்துக்குள். முதல் மூன்று நாள் தலைவலி இருந்தது, அப்புறம் போய்விட்டது. ஊறுகாயும் கருவாடும் குறைந்தன. ஞாயிறு சாயங்காலம் மகளும் நானும் கோட்டை மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கிறோம், அகழி ஓரமாக. படிப்பைப் பற்றி நான் கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அவளாகவே சொல்கிறாள்.

ஆடி மாதம் அந்தத் தன்னார்வலர் பெண் மறுபடி வந்தாள். ஹீமோகுளோபின் அதற்குள் 11.4 ஆகியிருந்தது. டாக்டரும் நோட்டைப் பார்த்துவிட்டு பி.பி. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றிருந்தார். அத்தைக்குப் பார்த்து முடித்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன். கட்டிலில் இருந்து அத்தை குழறும் குரலில், சரியும் கையைத் தொடையில் வைத்தபடி, எனக்காக எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஆறு வரைக்கும் வருவதற்கு அவருக்கு நேரமாகும். அவர் எண்ணி முடிக்கும் வரை மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன்.

128/82.

"இன்னாம்மா" என்றார் அத்தை, "குழம்ப இறக்கிட்டியா?"