மூன்றாவது தடவையில் கைக்கு வந்த அடோபோ

அடோபோ என்பது இறைச்சியை வினிகரில் வேகவைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல். இரண்டு மாதமாகப் பன்றி இறைச்சி அடோபோ செய்து பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் செய்தது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும்விட இது எவ்வளவோ மேல். கை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

இந்த ஆசை வந்தது அலுவலகச் சாப்பாட்டு மேசையில். இங்கே சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும், பிலிப்பைன்ஸின் பத்தங்காஸ் ஊர்க்காரரை நாங்கள் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம். அவர்களுடைய தகாலோக் மொழியில் அக்காவுக்கு அதுதான் சொல். அவர் டப்பாவைத் திறந்தால் பூண்டும் மிளகும் புளிப்புமாக ஒரு வாசம் வரும். முந்தின நாள் செய்த அடோபோவைத்தான் பெரும்பாலும் கொண்டுவருவார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், வெக்கை நாட்டில் இறைச்சி கெடாமல் இருக்க வினிகரும் உப்பும் போட்டு வேகவைத்த முறை இது. பெயரை மட்டும் அங்கே ஆண்ட ஸ்பானியர் வைத்தார்கள். 1613-இல் வெளியான தகாலோக் அகராதியில் ‘உள்ளூர்க்காரர்களின் அடோபோ’ என்று குறித்திருக்கிறார்கள். சோயா சாஸ் சீனர்கள் வழியாக வந்து சேர்ந்தது. அது போடாத வெள்ளை அடோபோவும் இன்றுவரை உண்டு.

முதல் தடவை வீட்டில் இருந்ததை வைத்தே செய்தேன். பிரியாணிக்கு வாங்கிய பிரிஞ்சி இலை, கெட்டியான கறுப்புச் சோயா சாஸ், சாதாரண வெள்ளை வினிகர். பிரிஞ்சி இலையில் பட்டை வாசம் அடிக்கும்; அடோபோவுக்கு வேண்டிய லாரல் இலை வேறு மரத்தது. கறுப்புச் சோயாவால் குழம்பு கரியாகி இனித்தது. அதைவிடப் பெரிய தவறு வினிகரில். ஊற்றியதும் நன்றாகக் கிளறி மூடிவிட்டேன். தட்டில் போட்டபோதும் மூக்கைக் குத்தியது.

ஆத்தேயிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே “கிளறினாயா?” என்பதுதான். வினிகர் ஊற்றினால் அது கொதித்து அடங்கும்வரை கரண்டியே போடக்கூடாது, மூடவும் கூடாது என்பது அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. திறந்து கொதிக்கவிட்டால் அந்தக் காரமான நெடி ஆவியோடு போய்விடுகிறது. பச்சைப் புளி வாசம் போகக் கொதிக்கவிடுவோமே, அதே பக்குவம்தான். இது புரிந்த பிறகுதான் எனக்கு அடோபோவே பிடிபட்டது.

இரண்டாவது தடவைக்கு ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவுக்குப் போய்க் கரும்பு வினிகரும் பிலிப்பைன்ஸ் சோயா சாஸும் வாங்கி வந்தேன். புளிப்பு சரியாக வந்தது. ஆனால் கொழுப்பில்லாத கறியாக எடுத்துவிட்டதால் சக்கையாகிப் போனது.

நேற்று வயிற்றுப் பகுதி, அவர்கள் ‘லியெம்போ’ என்பது, தோலோடு 1 கிலோ. பெரிய துண்டுகளாக வெட்டி, தட்டிய பூண்டு ஒரு முழுக் கட்டி, அரை கப் சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி முழு மிளகு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு ஒன்றரை கப் தண்ணீர், 3 லாரல் இலை போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பேற்றினேன். புளிப்புச் சமையலுக்கு அலுமினியம் ஆகாது. கொதி வந்ததும் அரை கப் வினிகரை மேலாக ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் நெடி அடங்கியது. அதன் பிறகு மூடிச் சிறு தீயில் 50 நிமிடம். உப்பு தனியாகப் போடவில்லை. சோயாவே போதும், வற்ற வற்ற உப்பு ஏறும்.

வெந்த துண்டுகளை எடுத்து, அதன் கொழுப்பிலேயே ஓரம் சிவக்க வறுத்து, திரும்பக் குழம்பில் போட்டேன். எண்ணெய் பிரிந்து, சாறு துண்டுகளில் ஒட்டும்வரை வற்றவிட்டேன். தோல் ஜவ்வு போல, கொழுப்பு வாயில் கரைகிற மாதிரி இருந்தது. சுடுசோற்றில் அந்தச் சாறு ஒரு கரண்டி ஊற்றினால் வேறு தொடுகறி வேண்டாம்.

இன்று காலை மிச்சத்தைச் சூடு பண்ணிப் பூண்டுச் சோற்றோடு சாப்பிட்டேன். நேற்றைவிட நன்றாக ஊறியிருந்தது. ஆத்தேக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். நிதானமாக மென்றுவிட்டு, அவர் வீட்டில் இன்னும் கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும் என்றார். பத்தங்காஸில் சோயாவுக்குப் பதில் மஞ்சள் போட்டுச் செய்கிற அடோபோவும் இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அதுதான். பச்சை மஞ்சள் வாங்கி வைத்துவிட்டேன்.