நிக்கல் வினையூக்கியில் ஆய்வு தொடங்குபவர்களுக்கு

நிக்கல் வினையூக்கியால் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் சின்கேஸ் (ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கலவை) ஆக்கும் டிரை ரிஃபார்மிங்கில் புராஜெக்ட்டோ பிஎச்.டி.யோ எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது: கன்வர்ஷன் எண்ணை, அதாவது மீத்தேனில் எத்தனை சதவீதம் மாறியது என்பதை, துரத்தாதீர்கள்.

இது கடும் வெப்பம்கொள் வினை, மோலுக்கு 247 கிலோஜூல். சாதாரண அழுத்தத்தில், சம அளவு வாயுக்களோடு 800 டிகிரி செல்சியஸில் ஓட்டினால் சமநிலையே மீத்தேன் மாற்றத்தை 90 சதவீதம் வரை கொண்டுபோய்விடும். வினையூக்கியைத் தாராளமாகப் போட்டிருந்தால், பாதி செத்த பிறகும் மீதி அதே எண்ணைக் காட்டும். கிராஃபில் கோடு நேராக ஓடுவதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடலாம். எடையைக் குறைத்து, வாயு ஓட்டத்தைக் கூட்டி, மாற்றம் சமநிலைக்கு நன்றாகக் கீழே நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் சரிவு கண்ணில் படும்.

நிக்கலைக் கெடுப்பவை இரண்டு: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருப்பது, கார்பன் படிவது. திண்மத்தின் அணுக்கள் நகரத் தொடங்கும் டாமன் வெப்பநிலை நிக்கலுக்கு ஏறக்குறைய 590 டிகிரி. நாம் வேலை செய்வதோ அதற்கு வெகு மேலே. ஆகவே துகளைப் பிடித்து வைக்கும் தாங்கி வேண்டும். மெக்னீசியாவோடு (மெக்னீசியம் ஆக்சைடு) நிக்கல் ஆக்சைடு திண்மக் கரைசலாகக் கலப்பதால், ஒடுக்கி உலோகமாக்கும்போது நிக்கல் சிறு துகள்களாக வெளிவருகிறது. லாந்தனா (லாந்தனம் ஆக்சைடு) கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஆக்ஸிகார்பனேட்டாக மாறி, பக்கத்தில் படியும் கார்பனைத் தின்றுவிடும். சீரியா (சீரியம் ஆக்சைடு) தன் ஆக்சிஜனைக் கொடுத்து அதே வேலையைச் செய்கிறது. புதிதாக நாலு உலோகம் சேர்ப்பதைவிட இவற்றில் ஒன்றை ஆழமாகப் புரிந்துகொள்வது மேல் என்பது என் கருத்து.

இழை வடிவக் கார்பன் தனி ரகம். நிக்கல் துகளை நுனியில் சுமந்தபடியே வளரும். வினை குறையாது, குழாய் மட்டும் அடைபடும். எனவே வினையூக்கிப் படுகைக்கு முன்னால் உள்ள அழுத்தமானியை நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓட்டம் முடிந்த மாதிரியைக் காற்றில் டிஜிஏ (சூடேற்றியபடியே எடை மாற்றத்தை அளக்கும் சோதனை) செய்யும்போது, முதலில் நிக்கல் ஆக்சைடாகி எடை ஏறும், பிறகு கார்பன் எரிந்து இறங்கும். இரண்டும் ஓரளவு மேற்படியும் என்பதால் ஏற்றத்தையும் கணக்கில் சேருங்கள். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனையான எக்ஸ்ஆர்டியில், தாங்கி காமா அலுமினாவாக இருந்தால், 44.5 டிகிரி கோணத்தில் வரும் நிக்கல் உச்சியின் மேல் அதன் அகன்ற உச்சி ஏறி நிற்கும். துகள் அளவுக்கு 51.8-ஐப் பாருங்கள்.

வைவாவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு விகிதம் ஏன் ஒன்றுக்குக் கீழே என்று கேட்பார்கள். எதிர்த்திசை நீர்வாயு மாற்ற வினை ஹைட்ரஜனில் கொஞ்சத்தைத் தண்ணீராக்கிவிடுகிறது. விகிதம் ஒன்றைத் தாண்டினால் மீத்தேன் சிதைந்து கார்பன் படிகிறதா என்று சந்தேகப்படுங்கள். கார்பன் பேலன்ஸ் (உள்ளே போன கார்பனும் வெளியே வந்ததும் பொருந்துகிறதா என்ற கணக்கு) போடாமல் எந்த முடிவையும் கைடிடம் கொண்டுபோகாதீர்கள்.

உலையை அணைப்பதில் அவசரம் வேண்டாம். 200 டிகிரிக்குக் கீழே நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் உருவாகும், கொடிய நஞ்சு. சூடாக இருக்கும்போதே நைட்ரஜனுக்கு மாற்றி, குழாயை முழுவதும் அலசிய பிறகே குளிரவிடுங்கள். ஒடுக்கிய நிக்கல் காற்றுப் பட்டதும் தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியே எடுக்கும் முன் 1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை மெதுவாகச் செலுத்துங்கள்.